கவுன்சில் கடிதம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்குக் கடிதம் போனதா?

கேள்வி: லண்டன் ஹரோவில், 1930களில் கட்டப்பட்ட செமி டிடாச்ட் (ஒரு பக்கச் சுவர் மட்டும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய) வீட்டில் வசிக்கிறோம். மாமியாரால் படியேற முடிவதில்லை. அதனால், முந்தைய உரிமையாளர் 1980களில் கட்டிய 2 மீட்டர் சமையலறைக்குப் பின்னால், 5 மீட்டர் நீளத்தில் ஓர் அறையும் குளியலறையும் கட்ட விண்ணப்பித்தோம். அயலவர் எவரும் ஆட்சேபிக்காததால் முன் ஒப்புதல் தேவையில்லை என்று கவுன்சிலிலிருந்து கடிதம் வந்துவிட்டது. சுவரோடு ஒட்டிய வீட்டு அம்மையாரும் வேலியருகே நின்று, தாராளமாகக் கட்டுங்கள் என்றார். இப்போது முன்பின் தெரியாத ஒரு சர்வேயர், தன்னை நியமிக்கும்படி அவருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார். கட்டணத்தை நாங்கள் செலுத்த வேண்டுமாம். பில்டர் இரண்டு வாரத்தில் அத்திவாரம் வெட்ட ஆயத்தமாக இருக்கிறார். கவுன்சில் சொன்ன பிறகும் இன்னும் யாரைக் கேட்க வேண்டும்?

பதில்: கவுன்சில் உங்களுக்குச் சொன்னது திட்டமிடல் சட்டத்தைப் பற்றி மட்டுமே. உங்கள் சுவரும் அத்திவாரமும் அயலவரின் கட்டடத்தை எப்படிப் பாதிக்கும் என்பது 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வோல் (பொதுச் சுவர்) சட்டத்துக்குள் வருகிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1997 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டத்தைச் செயற்படுத்துவது கவுன்சிலின் வேலை அன்று. சில கவுன்சில்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்புப் போடும். முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி போட்டால் எத்தனை குடும்பங்கள் தப்பும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கேட்பார் இல்லை.

உங்கள் வேலை அந்தச் சட்டத்துக்குள் வரும் என்பது ஏறக்குறைய நிச்சயம். அயலவரின் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள், அவருடைய அத்திவாரத்தைவிட ஆழமாக நீங்கள் தோண்டினால் அவருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 1930களின் வீடுகள் பெரும்பாலும் ஆழமற்ற அத்திவாரத்தில் நிற்கின்றன. லண்டன் களிமண்ணிலோ, இன்று பெரும்பாலும் 1 மீட்டரோ அதற்கு மேலோ இறங்காமல் கட்டடத் தரத்தைச் சோதிக்கும் பில்டிங் கன்ட்ரோல் அதிகாரி விடமாட்டார். எல்லைக்கோட்டில் புதிய சுவர் எழுப்புவதற்கும் நோட்டீஸ் உண்டு. இவ்விரண்டுக்கும் ஒரு மாத அவகாசம். இரு வீடுகளுக்கும் பொதுவான சுவரை வெட்டி இரும்பு பீம் செருகுவதாக இருந்தால் இரண்டு மாதம்.

வேலியருகே சொன்ன சம்மதம் நல்ல மனத்துக்குச் சான்று. சட்டத்தின் கண்ணில் அது சம்மதம் ஆகாது. முதலில் உங்கள் நோட்டீஸ் எழுத்தில் போக வேண்டும். 14 நாட்களுக்குள் அவர் எழுத்தில் இசைவு தந்தால் எந்தச் சர்வேயரும் வேண்டியதில்லை. தோண்டும் வேலையிலும் பொதுச் சுவர் வேலையிலும், அந்த 14 நாட்களும் அவர் வாய் திறக்காமல் இருந்துவிட்டால், தகராறு எழுந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்; அதைத் தீர்க்கச் சர்வேயர்கள் வேண்டும். மௌனம் சம்மதம் என்று வளர்ந்த நம்மவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். ஆனாலும் அவர் இணங்க மறுத்தால் உங்கள் வேலை நின்றுபோகும் என்று அஞ்ச வேண்டாம். எல்லைக்கோட்டின் இருபக்கமும் பரவி நிற்கும் புதுச்சுவர் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே அவருடைய சம்மதம் கட்டாயம். உங்கள் நிலத்துக்குள்ளேயே சுவர் நின்றால், வேலை எப்படி, எந்த நேரத்தில், என்னென்ன பாதுகாப்புடன் நடக்க வேண்டும் என்பதைச் சர்வேயர்கள் எழுதித் தருவார்கள், அவ்வளவுதான்.

இனி அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். கவுன்சிலுக்கு வரும் விண்ணப்பங்கள் எவரும் பார்க்கக்கூடிய பட்டியலில் ஏறுகின்றன. அந்தப் பட்டியலை உட்கார்ந்து வாசித்து, கட்டப்போகிறவருக்கு அல்ல, அவருடைய அயலவருக்குக் கடிதம் போடுவதையே தொழிலாக வைத்திருக்கும் சிலர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் வெடிப்பு விழலாம், உங்களுக்கு ஒரு பென்னியும் செலவில்லை, இங்கே ஒப்பமிடுங்கள் என்பதே அவர்கள் கடிதத்தின் சாரம். செலவில்லை என்பது பொய்யன்று, ஏனென்றால் நியாயமான கட்டணத்தைப் பெரும்பாலும் கட்டுகிறவரே செலுத்த நேர்கிறது. எது நியாயம் என்பதை மணிக்கணக்கில் பில் போடுகிறவர்களே தீர்மானிப்பதுதான் வேதனை. சர்வேயர் என்று சொல்லிக்கொள்ள இந்தச் சட்டம் எந்தப் பட்டத்தையும் கேட்பதில்லை. தகராறில் நேரடித் தரப்பாக இல்லாத எவரும் அந்த இடத்தில் அமரலாம். அதைவிட மோசமாக, சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி எழுத்தில் செய்யப்பட்ட நியமனத்தை நியமித்தவரே பின்னர் இரத்துச் செய்ய முடியாது. உங்கள் நோட்டீஸ் போவதற்கு முன்பே வாங்கிய ஒப்பம் செல்லுமா என்று வழக்காடலாம். ஆனால் அந்த வழக்கின் செலவில் இன்னோர் அறை கட்டிவிடலாம்.

ஆகவே அந்த அம்மையார் இன்னும் ஒப்பமிடவில்லை என்றால், இன்று மாலையே வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். எங்கே தோண்டுவீர்கள், எத்தனை நாள் சத்தம் இருக்கும் என்பதை மேசையில் விரித்துக் காட்டுங்கள். வேலை தொடங்குமுன் அவர் பக்கத்துச் சுவர்களின் நிலையைப் படங்களுடன் உங்கள் செலவிலேயே பதிவுசெய்து, ஒரு பிரதியை அவரிடம் கொடுப்பதாகச் சொல்லுங்கள்; பின்னால் ஒரு வெடிப்புத் தெரிந்தால் அது பழையதா புதியதா என்ற சண்டை அதனால் குறையும். எழுத்தில் இசைவு தந்தாலும் சேதத்துக்கு ஈடு கேட்கும் உரிமையை அவர் இழப்பதில்லை என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். அப்படியும் தனக்கு ஒரு சர்வேயர் வேண்டும் என்றால் அது அவருடைய உரிமை, முகம் சுளிக்காதீர்கள். இருவருக்கும் பொதுவாக ஒரே சர்வேயரை ஏற்கலாமா என்று மட்டும் கேளுங்கள். செலவு பெருமளவு குறையும்.

உங்கள் பில்டர் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார். நோட்டீஸ் கொடுக்காதவருக்கு இந்தச் சட்டத்தில் அபராதம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். கட்டுகிறவர் நோட்டீஸே கொடுக்காவிட்டால், அயலவர் தாமாகச் சர்வேயரை அமர்த்தி இந்தச் சட்டத்தின் வழியில் ஈடு பெற முடியாது என்று 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தது; ஒழுங்காக நடப்பவருக்குச் செலவும் நடக்காதவருக்கு இலாபமும் என்று ஆகிவிட்ட இந்த ஏற்பாட்டை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஆனால் அயலவர் சாதாரண நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம், அங்கே அபராதம் இல்லை என்ற வாதம் எடுபடாது. பாதி தோண்டிய குழி மழையில் நிறைய, வேலையாட்கள் வேறு இடத்துக்குப் போய்விட, வழக்கறிஞருக்குப் பணம் கட்டுகிறவர் நீங்கள், பில்டர் அல்லர்.

இவற்றைவிட என்னை உறுத்துவது உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் வந்த அந்த 2 மீட்டர் சமையலறை. செமி டிடாச்ட் வீட்டில் பின்புற ஒற்றைத்தளக் கட்டடம் 3 மீட்டர் வரை திட்ட அனுமதி இல்லாமலும், அயலவரின் கருத்தைக் கவுன்சில் கேட்ட பின் 6 மீட்டர் வரையும் நீளலாம். அந்த 6 மீட்டரை இன்று நிற்கும் பின்சுவரிலிருந்து அளப்பதில்லை. வீட்டின் மூலப் பின்சுவரிலிருந்து, அதாவது 1948 ஜூலை 1 அன்று நின்ற சுவரிலிருந்து அளக்க வேண்டும். உங்கள் வீடு அதற்கு முன்னதே, ஆனால் சமையலறை 1980களைச் சேர்ந்தது. சட்டத்தின் கணக்கில் அதுவும் எக்ஸ்டென்ஷன்தான். அதை இடிக்காமல் அதற்கு அப்பால் 5 மீட்டர் கட்டினால் மொத்தம் 7 மீட்டர், வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். அதை இடித்து அந்த இடத்தையும் சேர்த்து 5 மீட்டர் என்றால் பழுதில்லை. முன் ஒப்புதல் தேவையில்லை என்ற கடிதம் இந்த அளவைச் சரிபார்த்துத் தந்த சான்றிதழ் அன்று. நீங்கள் விவரித்த கட்டடத்துக்கு அயலவர் எவரும் ஆட்சேபிக்கவில்லை என்பதே அதன் பொருள். பின்னால் நிற்கப்போகும் கட்டடம் வரம்பை மீறியதென்றால் அந்தக் கடிதம் உங்களைக் காப்பாற்றாது. 2024 ஏப்ரல் 25க்குப் பிறகு முடிக்கப்படும் கட்டடங்கள்மீது கவுன்சில் நடவடிக்கை எடுக்கும் காலம் 4 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக நீண்டுவிட்டது. நாலு வருடம் மறைத்தால் போதும் என்று இன்னும் ஆலோசனை சொல்லும் நண்பர்களைத் தவிர்த்துவிடுங்கள். 7 மீட்டர்தான் வேண்டுமென்றால் முழுத் திட்ட அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். 6க்குள் அடங்குமென்றால், கடிதத்தில் உள்ள அளவும் வரைபடத்தின் அளவும் ஒன்றுதானா என்று பார்த்து, சட்டப்படியான கட்டடம் என்ற சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கும் முதற்காகிதங்களில் அதுவும் ஒன்று.

பழைமையைக் காப்பதற்காகக் குறிக்கப்பட்ட கன்சர்வேஷன் ஏரியாவில் இருப்பவர்களுக்கு இந்த 6 மீட்டர்ச் சலுகை கிடையாது. பின்முற்றத்தில் மான்ஹோல் மூடி இருந்தால், அடியில் ஓடுவது இரு வீட்டுக்கும் பொதுவான கழிவுநீர்க் குழாயாக இருக்கலாம். அத்தகைய குழாய்கள் 2011 அக்டோபர் 1 முதல் நீர் நிறுவனங்களின் பொறுப்பில் இருப்பதால், அதன் மேலோ 3 மீட்டருக்குள்ளோ கட்டுமுன் தேம்ஸ் வாட்டரின் இசைவும் வேண்டும்.

பில்டரிடம் இரண்டு வாரக் கெடுவை இன்றே இரத்துச் செய்யச் சொல்லுங்கள். முதலில் மூலச் சுவரிலிருந்து அளந்து பாருங்கள். அளவு சரியென்றால் நோட்டீஸை எழுதி, திகதியிட்டு, ஒரு பிரதி வைத்துக்கொண்டு அம்மையாரிடம் கையில் கொடுங்கள். முன்னதாகத் தொடங்கலாம் என்று அவர் எழுத்தில் இசைந்தாலன்றி, அந்தத் திகதியிலிருந்து ஒரு மாதம் கழியும்வரை மண்ணைத் தொட வேண்டாம். பொதுச் சுவரில் பீம் செருகும் வேலை இருந்தால் அதற்கு இரண்டு மாதம்.