பொய்யிலிருந்து மெய் வருமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடி அருகே ஓர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணிதம் நடத்துகிறேன். 'இது நடந்தால் அது நடக்கும்' என்பது போன்ற நிபந்தனைக் கூற்றுக்கு, அதன் இரு பகுதிகளும் மெய்யா பொய்யா என்பதைப் பொறுத்து முழுக் கூற்றும் மெய்யா பொய்யா என்று காட்டும் மெய்மை அட்டவணையைக் கரும்பலகையில் எழுதியதும், "முன்பகுதி பொய்யென்றால் முழுக் கூற்றும் எப்படி டீச்சர் மெய்யாகும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். வரையறை அப்படித்தான் என்று சொல்லிக் கடந்துவிட்டேன், மனம் ஒப்பவில்லை. தர்க்கத்தை அதன் வரலாற்றின் வழியே நடத்தினால் விளங்குமா? மணிமேகலையிலிருந்தே தொடங்கலாமா?

– கணித ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவி கேட்டது கி.மு. 300ஐ ஒட்டிய காலத்திலேயே கிரேக்கத்தில் பெரும் விவாதமாக இருந்தது. முன்பகுதி மெய்யாகவும் பின்பகுதி பொய்யாகவும் அமைந்தால் மட்டுமே நிபந்தனைக் கூற்று பொய் என்றார் பிலோ என்ற தர்க்கவியலாளர். அவருடைய ஆசிரியரான டியோடோரஸோ, கூற்று மெய்யாக வேண்டுமானால் அப்படி அமைய எக்காலத்திலும் வாய்ப்பே இருக்கக் கூடாது என்றார். 'பகலாக இருந்தால் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்' என்ற கூற்று, பகலில் பேசிக்கொண்டிருப்பவர் சொன்னால் பிலோவுக்கு மெய். பகல் முடியுமுன் அவர் வாய் மூடக்கூடும் என்பதால் டியோடோரஸுக்குப் பொய். கூரைமேல் காகங்கள்கூட இதைப் பற்றியே கரைகின்றன என்று கவிஞர் கலிமாக்கஸ் கேலி செய்யுமளவுக்கு அந்த விவாதம் முற்றியிருந்தது.

வகுப்பில் இந்தச் சண்டையை மூட்டிவிடுங்கள். 'ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை நடுவேன்' என்று ஒருவர் சொல்கிறார். அணை திறக்கவில்லை என்றால், அவர் பம்புசெட்டை நம்பி நட்டாலும் நிலத்தைத் தரிசாகப் போட்டாலும் சொல் தவறியவர் ஆகமாட்டார். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, "சொல் தவறவில்லை என்பதும் மெய் என்பதும் ஒன்றா?" என்று மடக்கும். மடக்க வேண்டும்.

அதற்கான விடைக்கு 1879க்கு வர வேண்டும். எல்லா எண்களையும் பற்றிய கூற்றைக் குறியீட்டில் எழுத ஜெர்மானியத் தர்க்கவியலாளர் ஃபிரேகே வழி கண்டது அவ்வாண்டில்தான்; அவர் கையாண்ட நிபந்தனையும் பிலோ சொன்னதே. 'ஓர் எண் 4ஆல் வகுபட்டால் அது இரட்டை எண்' என்பதை எல்லா எண்களுக்கும் மெய் என்று எவரும் ஒப்புக்கொள்வர். அதில் 8ஐ இட்டால் இரு பகுதிகளும் மெய். 6ஐ இட்டால் முன்பகுதி மட்டும் பொய். 7ஐ இட்டால் இரண்டுமே பொய். இவற்றுள் எந்த வரிசையைப் பொய் என்று வைத்தாலும், எவரும் ஐயுறாத அந்தப் பொதுக்கூற்றே உடைந்துவிடும்.

அட்டவணையை 1921இல் தத்துவவாதி விட்கென்ஸ்டைனும் தர்க்கவியலாளர் எமில் போஸ்ட்டும் தனித்தனியே வெளியிட்டனர். கடைசியில் வந்ததைப் பாடநூல் முதலில் வைக்கிறது. அதற்காக எல்லாவற்றையும் ஆண்டு வரிசையில் நடத்தத் தேவையில்லை; தர்க்கத்தை இயற்கணிதமாக எழுதிய ஜார்ஜ் பூலை ஒரு வாக்கியத்தில் கடக்கலாம், ஃபிரேகேயின் கிளைபிரியும் குறியீட்டை அறவே விட்டுவிடலாம். கருவியை வரவழைத்த கேள்வி, கருவிக்கு முன்னே வந்தால் போதும்.

மணிமேகலையை வேறொரு நாளுக்கு வையுங்கள். இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் சொல்லும் அளவை, அதாவது அறியும் முறை, மலையில் தெரியும் புகையைக் கொண்டு நெருப்பை அறிவதற்கு அடுக்களையைச் சான்று காட்டுகிறது. எது தக்க ஏது (காரணம்), எது போலி என்பதே அங்கே ஆராயப்படுகிறது. அட்டவணையைப் போல, பகுதிகளின் மெய்மையைக் கொண்டு அவை சேர்ந்த முழுக் கூற்றின் மெய்மையைக் கணிப்பது அதன் நோக்கமன்று. எல்லாம் அப்போதே நம்மிடம் இருந்தது என்று சொல்லும் ஆசைக்கு இடம்கொடுத்தால், அந்தக் காதையும் புரியாது, அட்டவணையும் புரியாது.