மகள் மானிடவியல் படிக்கட்டுமா?

“மானிடவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். மானிடவியல் (ஆந்த்ரபாலஜி) என்பது மனிதர்களையும் அவர்கள் வாழும் விதத்தையும் ஆராயும் படிப்பு. டாக்டர், வக்கீல் மாதிரி இந்தப் பட்டத்துக்கென்று ஒரு பெயர்ப்பலகை கிடையாது. பட்டம் வாங்கியதும் வேலை தேடி வந்துவிடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் வேண்டாம் என்று சொல்வதற்கு முன், அவள் அங்கே என்ன கற்றுக்கொள்வாள் என்று பாருங்கள்.

பண்பாடு, உடற்கூறு, தொல்லியல், மொழி என்று நாலு பக்கமும் போகும் படிப்பு இது. உயிர்நாடி களப்பணி. மக்களோடு இருந்து, பார்த்ததை அன்றன்றே எழுதிவைத்து, அவர்கள் சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளியைப் பிடிக்கும் பயிற்சி.

2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியது. இறந்தவர் உடலைக் கழுவி, தொட்டு வழியனுப்புவது அங்கே பல ஊர்களில் வழக்கம். நோய் பரவ அதுவும் பெரிய காரணம். கவச உடை அணிந்த குழுக்கள் உடலைப் பையில் போட்டுத் தூக்கிப் போனார்கள். பயந்துபோன குடும்பங்கள் சாவையே மறைத்தன. மானிடவியலாளர்கள் அந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசினார்கள். உடலைத் தொடாமலே எந்தச் சடங்குகளைச் செய்யலாம் என்று சேர்ந்து யோசித்தார்கள். உறவினர் தள்ளி நின்று பார்க்கவும் பிரார்த்திக்கவும் இடம் தந்து அடக்க முறை மாற்றப்பட்டது. பொது சுகாதாரத்திலும் தொண்டு நிறுவனங்களிலும் இந்தப் படிப்புக்கு இடம் இருப்பது இதனால்தான்.

அப்புறம் தொழில்நுட்பம். 1980-களின் தொடக்கத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில், நகல் இயந்திரத்தின் முன் ஆட்கள் திணறுவதை வீடியோ எடுத்து ஆராய்ந்தார். ஒரு கருவியோ செயலியோ பயன்படுத்துவோருக்கு எளிதாக இருக்கிறதா என்று பார்க்கும் யூஎக்ஸ் (பயனர் அனுபவ) ஆய்வாளர்கள் இன்றைக்குச் செய்வதும் ஏறக்குறைய அதுதான். அருங்காட்சியகம், சந்தை ஆய்வு, இதழியல் பக்கமும் போகலாம். எலும்பைப் பார்த்து அடையாளம் சொல்லும் தடய மானிடவியல்தான் அவள் கனவு என்றால், இளங்கலை போதாது; மேற்படிப்புக்கும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

கூடவே புள்ளியியலை அவள் விடவே கூடாது. இன்னொரு மொழியும் கற்றால் நல்லது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது களப்பணி எத்தனை நாள், அதற்குத் தனி அறிக்கை எழுத வேண்டுமா என்று கேளுங்கள். வேலை கேட்டுப் போகும் இடத்தில் அவள் எடுத்துக்காட்டப்போவது அந்த அறிக்கையைத்தான்.

அதற்கு முன் ஒன்று. ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் எழுதிவரச் சொல்லுங்கள். மறுநாளும் போகிறேன் என்று அவளே கிளம்பினால், சேர்த்துவிடுங்கள்.