மகள் உளவியல் படிக்கட்டும், அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

தங்கச்சிமடத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "உளவியல் படித்தால் பைத்தியத்துக்கு வைத்தியம் பார்ப்பவள் என்று பேர் வந்துவிடும், யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்கிறீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். மனநலம் என்றதும் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் அந்தச் சங்கிலிதான் கண்முன் வருகிறது. உங்கள் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் மகள் கேட்பது பள்ளி உளவியல். எட்டாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பையனை ஊரே மக்கு என்கிறது. பள்ளி உளவியலாளர் முதலில் அவன் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்வார். பிறகு வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பார், ஆசிரியரிடமும் தாயிடமும் பேசுவார், சோதனைகள் வைப்பார். கற்றல் குறைபாடு என்று தெரிந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதற்கும் இடம் உண்டு. முறையான சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். இது தெரியாமலே எத்தனை பையன்கள் படிப்பை விட்டு வள்ளம் ஏறிவிட்டார்கள்! அப்பா இலங்கைச் சிறையில் இருக்க, பாடத்தில் மனம் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வேண்டியது வேறு. அந்தப் பிள்ளையிடம் கடற்கரைப் பேச்சில் பேச உங்கள் மகளால் முடியும். வெளியூர்க்காரருக்கு அது எளிதில் வராது.

வேலை விஷயத்தை மறைக்க மாட்டேன். அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஓர் உளவியலாளர் என்ற நிலை இன்னும் வரவில்லை. இளங்கலை மட்டும் போதாது. முதுகலையும், அனுபவசாலியின் மேற்பார்வையில் பயிற்சியும் வேண்டும். மனநோய்க்கு உளவியல் முறையில் சிகிச்சை தரும் மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டுமென்றால், இத்துறைப் படிப்புகளை முறைப்படுத்தும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் (RCI) பதிவு கட்டாயம். சில மாதச் சான்றிதழ் வகுப்பு நடத்தி 'ஆலோசகர்' ஆக்குகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டிவிடாதீர்கள். உங்களைப் போன்ற குடும்பத்துக்கு நான் சொல்வது: உளவியலோடு, அந்தக் கழகத்தின் அங்கீகாரம் பெற்ற, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி தரும் சிறப்புக் கல்வி பி.எட். படிப்பையும் முடிக்கட்டும். ஆசிரியர் வேலை என்ற உங்கள் ஆசைக்கும் அதில் வழி இருக்கிறது.

விண்ணப்பம் போடும் முன் மகளை, வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் மண்டபம் வட்டார வள மையத்துக்கு அழைத்துப் போங்கள். சிறப்பாசிரியர்கள் பிள்ளைகளோடு எப்படி வேலை செய்கிறார்கள் என்று அனுமதி கேட்டு ஒரு நாள் பார்க்கட்டும். நீங்களும் கூடவே உட்காருங்கள்.