குதிகால் வெடிப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? தினமும் பாதத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கல்லால் தேய்த்ததும் நாலு நாள் நன்றாக இருக்கிறது, பிறகு மறுபடி வெடிக்கிறது என்கிறீர்கள். தேய்ப்பது பாதி வேலைதான். தேய்த்த தோலில் ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் மீதி. அதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் ஏராளம். எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. அதனால் சீக்கிரம் காய்ந்துவிடும். குதிகாலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு மெத்தை, நாம் நிற்கும்போது எடை தாங்காமல் பக்கவாட்டில் பிதுங்கும். தோல் மிருதுவாக இருந்தால் கூடவே இழுபட்டுக் கொடுக்கும். தடித்துக் காய்ந்திருந்தால் விளிம்பில் பிளந்துவிடும். பின்பக்கம் திறந்த செருப்பு போடுபவர்களுக்கும், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு மணிக்கணக்கில் நின்று சமைப்பவர்களுக்கும் இது அதிகம் வருவது இதனால்தான்.

இரவு படுக்கப்போகும் முன் செய்யுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் காலை வைத்தால் போதும். அரை மணி நேரம் ஊறவைத்தால் தோல் இன்னும் காயும். பாதம் தேய்க்கும் கல்லை வாரம் 2 முறை மட்டும், லேசாக. தோல் சிவக்கும்வரை தேய்த்தால் உடம்பு அந்த இடத்தை இன்னும் தடிமனாக்கிவிடும். பிளேடு வைத்துச் சீவவே வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரப்பதம் போவதற்குள், இரண்டு மூன்று நிமிடத்தில் க்ரீம் தடவுங்கள். அன்றாடத்துக்கு 10% யூரியா (தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள்) உள்ள க்ரீம்; தோல் கெட்டியாகத் தடித்திருந்தால் 20 முதல் 25%. பிளவு ஆழமாகி ரத்தம் கசிந்தால் யூரியா எரியும். அது ஆறும்வரை வெறும் வாசலின் போதும். மேலே பருத்தி சாக்ஸ். தேங்காய் எண்ணெய் தப்பில்லை, ஆனால் வறண்ட காலில் தடவினால் பளபளப்புதான் மிச்சம், ஈரக்காலில் தடவுங்கள். எலுமிச்சைச் சாறு தேய்க்கச் சொல்லும் வீடியோக்களைத் தாராளமாகத் தவிர்க்கலாம்.

விரல் இடுக்குக்கு இதெல்லாம் நேர்மாறு. அங்கே க்ரீம் கூடாது, நான்காவது விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே துண்டை விட்டுத் துடைக்க வேண்டும். தோல் வெளுத்து ஊறி அரித்தால் பெரும்பாலும் சேற்றுப்புண். பூஞ்சையை ஒழிக்கும் 1% க்ளோட்ரிமசோல் க்ரீமை மெல்லிசாகக் காலை, இரவு இரு வேளை போடுங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்துவதால்தான் மறுபடி வருகிறது. சரியான பிறகும் 2 வாரம் தொடருங்கள்.

நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தை உள்ளே குடைந்து எடுத்தால் அது சதைக்குள் வளரும்.

ஒரு காலில் மட்டும் மாவு மாதிரி செதில் உதிர்ந்தால் அது வெறும் வறட்சியாக இல்லாமல் பூஞ்சையாக இருக்கலாம். தோல் மருத்துவர் கொஞ்சம் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் சிலது பொருந்தாது. ஊறவைப்பது, கல் தேய்ப்பது, கடையில் கிடைக்கும் கால் ஆணி ப்ளாஸ்டர் மூன்றும் வேண்டாம். அந்த ப்ளாஸ்டரில் உள்ள சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும், உணர்ச்சி குறைந்த காலில் அது தெரியவே தெரியாது. தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் பாருங்கள். ஷூ போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள், சின்னக் கல்லே புண்ணாக்கிவிடும். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தோ வீட்டில் ஒருவரிடம் காட்டியோ பாருங்கள். கொப்புளம், நிறமாற்றம், ஒரு இடத்தில் மட்டும் சூடு தெரிந்தால், வலிக்காவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.