சுற்றுப்பயணத்துக்காக வகுப்புகளை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. ஜாஸ் கிதார் வாசிப்பதுதான் தொழில். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் கச்சேரி இருக்கும். துணை வருமானத்துக்காக 18 மாணவர்களுக்குக் கற்றுத்தருகிறேன். மாத வருமானத்தில் பாதிக்கு மேல் அதிலிருந்தே வருகிறது. இப்போது ஒரு குழு 8 மாதச் சுற்றுப்பயணத்துக்கு அழைக்கிறது. வகுப்புகளை நிறுத்திவிட்டுப் போகலாமா? மூன்று மாதச் செலவுக்கான சேமிப்பு கையில் உள்ளது.

பதில்: அழைப்பை ஏற்கலாம். ஆனால் வகுப்புகளை முழுவதும் நிறுத்திவிட்டு, இப்போதுள்ள சேமிப்பை மட்டும் நம்பிப் புறப்படுவது சரியல்ல. கச்சேரியைத் தொழில் என்றும் வகுப்பைத் துணை வருமானம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணக்கேடு அதை நேர்மாறாகச் சொல்கிறது. மாதந்தோறும் தவறாமல் வரும் வகுப்புக் கட்டணத்தைச் சம்பளமாகக் கருதி அன்றாடச் செலவை அதற்குள் அடக்குங்கள். கச்சேரித் தொகையில் வரிக்கு உரியதை முதலில் பிரித்து வைத்துவிட்டு, மீதியைச் சேமிப்புக்கும் ஓய்வுக்காலத்துக்கும் அனுப்புங்கள். உங்களுக்காக ஓய்வூதியக் கணக்கில் பணம் கட்ட முதலாளி எவரும் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

18 மாணவர்களைச் சேர்க்க எத்தனை ஆண்டுகள் ஆயின என்று எண்ணிப் பாருங்கள். 8 மாத இடைவெளியில் பெரும்பாலோர் வேறு ஆசிரியரிடம் போய்விடுவார்கள். தேர்ந்த மாணவர்கள் ஆறேழு பேருக்கு இணையவழியில் பாடத்தைத் தொடர்ந்து, மற்றவர்களை நம்பிக்கைக்குரிய சக கலைஞர் ஒருவரிடம், நீங்கள் திரும்பும் நாளைக் குறிப்பிட்டு, எழுத்து உடன்பாட்டுடன் ஒப்படையுங்கள். சேமிப்பை ஆறு மாதச் செலவு அளவுக்கு உயர்த்திய பிறகே கிளம்புங்கள்.

ஜானி ஸ்மித் என்ற ஜாஸ் கிதார் மேதை 1958-இல் நியூயார்க்கை விட்டு கொலராடோ ஸ்பிரிங்ஸில் குடியேறி, இசைக்கருவிக் கடை நடத்திக் கற்பித்தும் வந்தார். 1954-இல் அவர் இயற்றிய ஒரு மெட்டை 1960-இல் வென்ச்சர்ஸ் என்ற இசைக்குழுவினர் வாசித்துப் பெரும் வெற்றி கண்டார்கள். இயற்றியவர் என்ற முறையில் உரிமைத்தொகை அவருக்கு வந்தது. பிறர் மெட்டின் மேல் எவ்வளவு அழகாக மனோதர்மம் வாசித்தாலும் இயற்றியவரின் பங்கு உங்களுக்கு வராது. ஆகவே, சொந்தப் படைப்புகள் இருந்தால் புறப்படும் முன்பே, படைப்பாளிகளுக்கு உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் உரிமைச் சங்கத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

கடிதத்தில் நீங்கள் தொடாத ஒன்று காப்பீடு. 1928-இல் நேர்ந்த தீ விபத்தில் ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இடக்கையில் இரண்டு விரல்கள் முடங்கின. எஞ்சிய விரல்களால் அவர் புதிய வாசிப்பு முறையையே உருவாக்கினார். அது எல்லோருக்கும் வாய்க்காது. வருமான இழப்புக் காப்பீடு எடுக்கும்போது, 'எந்த வேலையும் செய்ய இயலாமை' என்றில்லாமல் 'தன் சொந்தத் தொழிலைச் செய்ய இயலாமை' என்ற வரையறை இருக்கிறதா என்று பாருங்கள். விரல் நரம்பு ஒன்று பாதிக்கப்பட்டாலும் அலுவலக வேலை பார்க்கலாமே என்று முதல் வரையறை உங்களைக் கைவிட்டுவிடும். கிதாருக்கும் பயணக் காப்பீடு தனியாக வேண்டும்.

பயணச்சீட்டும் தங்குமிடமும் யார் பொறுப்பு, கச்சேரி இல்லாத நாள்களுக்கு ஊதியம் உண்டா, நிகழ்ச்சி ரத்தானால் என்ன கிடைக்கும் என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். செலவு போக நிற்கும் தொகை, வகுப்புகளில் இழப்பதைவிடக் குறைவாக இருந்தால், கையெழுத்திடும் முன் பேரம் பேசுங்கள்.