இரண்டாம் உலகப்போர் முடிந்த முதல் வருடத்தை நம் ஊர்ப்பக்கம் எப்படிக் கொண்டாடினார்கள்? முக்கிய நிகழ்வுகள் என்னென்ன?

கொண்டாடினார்கள் என்று முடிவு செய்துகொண்டே கேட்டிருக்கிறீர்கள். ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன், அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். 1945 ஆகஸ்ட் 15, ஜப்பான் சரணடைகிறது என்ற அறிவிப்பு. நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) வீரர்கள்மீது விசாரணை. 1946 ஜனவரி 12, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, 500, 1000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அவசரச் சட்டம். பிப்ரவரியில் காந்தி மதுரைக்கும் பழனிக்கும் வந்தார். அதே மாதம் 18-ஆம் தேதி பம்பாயில் கடற்படை வீரர்களின் கிளர்ச்சி. ஏப்ரல் 30, பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். எங்கள் பக்கம் என்றால், ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1945 அக்டோபரில் ஆரம்பித்த புதுக் கம்பெனியின் முதல் படத்தைக் காரைக்குடியில் ஸ்டூடியோ போட்டு எடுத்தார்.

தேர்வுக்கு இது போதும். இனி நான் சொல்வது தேர்வுக்கு உதவாது.

எங்கள் ஊர் சிவகங்கை பக்கத்து நாட்டரசன்கோட்டை. என் ஐயா (அப்பச்சியின் அப்பச்சி, அதாவது அப்பாவின் அப்பா) மலாயாவில் மூவார் என்ற ஊரில் ஒரு வட்டிக்கடையில் மேலாளாக இருந்தார். கடை அவருடையது இல்லை. முதலாளி வேறு ஊர்க்காரர். மேலாள் என்றால் மூன்று வருஷக் கணக்குக்குச் சம்பளம் பேசிப் போகிறவர். கணக்கு முடிந்ததும் மாற்றாள் வருவார், இவர் ஐந்தொகை (வரவு செலவு, இருப்புக் கணக்கு) எடுத்து ஒப்புவித்துவிட்டு ஊர் திரும்புவார். ஐயா 1939-ல் போனார். 1942-ல் திரும்பியிருக்க வேண்டும். அந்த ஜனவரியில் ஜப்பான்காரன் மூவாரைப் பிடித்தான். அப்புறம் கடிதம் இல்லை, பணமும் இல்லை. மூன்று வருஷக் கணக்கு ஏழு வருஷக் கணக்கு ஆனது.

1945 ஆவணியில் போர் முடிந்தது என்று சேதி வந்தபோது ஊரில் யாரும் வெடி போடவில்லை என்று அப்பத்தா சொல்வார். பர்மா அரிசி 1942-லேயே நின்றுபோய், ரேஷன் கடையில் அளந்ததுதான் சோறு. எங்கள் பூமி வானம் பார்த்த பூமி, கண்மாய் நிறைந்தால்தான் வெள்ளாமை. வீட்டில் இரண்டாங்கட்டு பாதியில் நின்றது. வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) எட்டுத் தூண் நிற்க வேண்டிய இடத்தில் ஆறுதான் பர்மாத் தேக்கு. மீதி இரண்டையும் செங்கலில் கட்டிச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள், தேக்கு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று. ஐப்பசி, கார்த்திகை வாக்கில் மலாயாவிலிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. தெருவில் ஒரு வீட்டில் சிரிப்பு, அடுத்த வீட்டில் ஒப்பாரி. எங்கள் வீட்டுக்கு எதுவும் வரவில்லை.

தை பிறந்தது. தைப் பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர்க் கண்ணாத்தாள் கோயில் முன்னால் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) எல்லாரும் சேர்ந்து வைக்கிற செவ்வாய்ப் பொங்கலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புள்ளிக்கு ஒரு பானை. கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. இருவரில் ஒருவர் போய்விட்டால் அது அரைப் புள்ளி. அந்த வருஷம் ஒரு பங்காளி, நல்ல எண்ணத்தில்தான், அப்பத்தாவிடம் வந்து, "ஆச்சி, ஒரு சேதியும் இல்லையே, புள்ளியை எப்படி எழுதுறது?" என்று கேட்டாராம். அப்பத்தாவுக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. "முழுப் புள்ளின்னு எழுதுங்க. நான் பானை வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பானையும் வைத்தார். அது பொங்கி வழிந்தபோதுதான் அழுததாகச் சொன்னார், புகையில் யாருக்கும் தெரியவில்லையாம்.

மாசியில் கார்டு வந்தது. அதற்கு முன் எழுதிய இரண்டு கடிதம் வழியிலேயே தொலைந்திருக்கிறது. ஆனியில் ஐயா சிங்கப்பூரில் கப்பலேறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயில் மாறி ஊர் வந்து சேர்ந்தார். கையில் ஒரு தகரப்பெட்டி. அதில் இரண்டு வேட்டி, பேரேட்டில் கிழித்தெடுத்த சில தாள்கள், ஒரு நோட்டுக்கட்டு. ஜப்பான்காரன் அடித்த பத்து டாலர் நோட்டு, வாழைமரமும் தாருமாகப் படம் போட்டது. பிற்பாடு அடித்த நோட்டுகளில் வரிசை எண்கூட இருக்காது, எழுத்து மட்டும்தான். 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அத்தனையும் செல்லாது என்று அறிவித்துவிட்டான்.

செல்லாத நோட்டை ஏன் சுமந்து வந்தார்? கணக்குக்குச் சாட்சி. போருக்கு முன் நல்ல டாலரில் கடன் வாங்கியவர்கள் ஜப்பான் காலத்தில் இந்த வாழைமர நோட்டைக் கொண்டுவந்து கொட்டி அடமானப் பத்திரத்தைத் திருப்பிக் கேட்டார்கள். டாலருக்கு டாலர் சமம் என்பது ஜப்பான்காரன் சட்டம். வாங்க மாட்டேன் என்றால் கெம்பெய்தாய் (ஜப்பான் ராணுவப் போலீஸ்) வந்து நிற்கும். ஐயா வாங்கினார். ஊருக்கு வந்து ஒப்புவித்தபோது முதலாளி அந்த வரவை ஏற்கவில்லை. "இதை எதுக்கு வாங்கினே?" ஏழு வருஷச் சம்பளத்தையும் அதற்கு ஈடாகக் கழித்துக்கொண்டு, நோட்டுக்கட்டை ஐயாவிடமே தள்ளிவிட்டார். ஜப்பான் நோட்டில் அடைத்த கடனில் எவ்வளவு அடைந்ததாகக் கொள்வது என்று மலாயாவில் சட்டம் வந்தது 1948-ல். அதற்குள் எங்கள் வீட்டுக் கணக்கு முடிந்துவிட்டது.

எனக்குப் பத்து வயதில் அந்தக் கட்டு கையில் கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் இருபது நோட்டைப் பையன்களுக்கு விளையாடக் கொடுத்துவிட்டேன். என்மேல் ஒருநாளும் கை வைக்காத அப்பத்தா அன்று அடித்தார். "அது உங்கய்யா சம்பளம்டா" என்றார். சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். ஒவ்வொரு வாசலிலும் நானே கேட்டு வாங்க வேண்டும். பதினெட்டு கிடைத்தது. அப்பத்தா முகப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு நோட்டையும் தொடையில் வைத்து நீவி, மடிப்பு நிமிர்த்தி, எண்ணிக் கட்டினார்.

இதை எழுதினால், "வட்டிக்கு விட்டவர்கள்தானே, போனால் போகட்டும்" என்று ஒருவர் வருவார். முன்பும் வந்திருக்கிறார்கள். 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்குப் போயிருந்தது. அந்த விவசாயியின் கோபத்தை நான் மறுக்கவில்லை. மலாயாவின் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் பட்டது எங்களைவிடப் பெரிது என்பதும் தெரியும், ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதைக்குப் பிடித்துப்போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவே இல்லை. ஆனால் செட்டியார் என்றால் எல்லாரும் ஆயிரம் ஜன்னல் வீட்டுக்காரர் இல்லை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையல்காரர் என்று சம்பளத்துக்குப் போனவர்கள்தான் அதிகம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஆறு தேக்குத் தூணும் இப்போது இல்லை. பொதுவீட்டில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஒரு வார்த்தை கேட்காமல் பங்காளி ஒருவர் பழம்பொருள் வியாபாரிக்குப் பிடுங்கிக் கொடுத்துவிட்டார். கேட்டால், "கரையான் அரிக்குமுன்னே காசாக்கினேன்" என்கிறார். பர்மாத் தேக்கை எந்தக் கரையான் அரித்தது? தூண் நின்ற இடத்தில் இரும்புக் குழாய் முட்டுக்கொடுத்திருக்கிறது. தகரப்பெட்டியும் அதோடு போயிற்று. நோட்டுக்கட்டு மட்டும் என்னிடம் இருப்பதால் தப்பித்தது. சேகரிக்கிறவர்கள் இரண்டு பேர் விலை கேட்டார்கள், கொடுக்கவில்லை.

சரி, கொண்டாட்டம் என்று கேட்டீர்கள். 1947 தை, அடுத்த செவ்வாய்ப் பொங்கல். ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பத்தாவின் அடுப்புக்குப் பனையோலை ஒடித்துக் கொடுத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். ஆம்பளை அங்கே என்ன வேலை என்று யாரோ கேட்டதற்கும் எழுந்து போகவில்லையாம்.