மறதி டானிக் வாங்கும் முன்

கேள்வி: அம்மாவுக்கு வயது 72. ஊர் கல்லிடைக்குறிச்சி. சுத்த சைவம். 15 வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், பிரஷருக்கு ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். தூக்கம் வராவிட்டால் அல்பிரசோலம். ஆறு மாதமாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். பேச்சும் குறைந்துவிட்டது. கல்யாண வீட்டில்கூட ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுகிறார். இது அல்சைமர்தானா? ஞாபகசக்தி டானிக் கொடுக்கலாமா?

பதில்: டானிக் வேண்டாம். ஜின்கோ என்ற இலைச்சாறு பல ஞாபகசக்தி மாத்திரைகளில் இருக்கிறது. 75 வயதைத் தொட்ட 3,000 பேருக்கு மேல் அதைக் கொடுத்துப் பல வருஷம் கவனித்த அமெரிக்க ஆய்வு 2008-இல் வெளியானது. மறதி நோயை அது தடுக்கவில்லை. வல்லாரையைத் துவையலாகச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. மருந்தாக நம்பிக் காலத்தைக் கடத்தாதீர்கள். அல்சைமர் என்று இப்போதே முடிவு கட்டவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதிலேயே, சரிசெய்யக்கூடிய காரணங்கள் நான்கைந்து தெரிகின்றன.

முதலில் மாத்திரைகள். டப்பாவில் இருப்பது, தலையணைக்கு அடியில் இருப்பது, மெடிக்கலில் சொல்லி வாங்கியது என எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டிப் பாருங்கள். சாரல் காலத்தில் வாங்கிய சளி மாத்திரை அட்டையில் ‘குளோர்பெனிரமின்’ என்று இருக்கிறதா? நினைவாற்றலுக்கு மூளை பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையை அது தடுக்கும். இளைஞருக்குத் தூக்கத்தோடு போய்விடும். 70 வயதில் ஆளைக் குழப்பிவிடும். அல்பிரசோலமும் மறதியையும் தள்ளாட்டத்தையும் கொடுக்கும். ஆனால் அதை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். தினமும் சாப்பிட்டுப் பழகியவருக்குத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில், வாரக்கணக்கில் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ‘ஹெச்’ என்ற எழுத்து இருந்தால், பெரும்பாலும் அதில் சிறுநீரைக் கூட்டும் மருந்தும் சேர்ந்திருக்கும். அதைச் சாப்பிட்டுக்கொண்டே உப்பை அறவே விட்டுவிட்டு, அக்னி நட்சத்திர வெயிலுக்குச் செம்பு செம்பாகத் தண்ணீரும் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். இயல்பான அளவு 135 முதல் 145 வரை. 130-க்குக் கீழே போனால் பேச்சு மந்தமாகும், நாள் கிழமை குழம்பும். பிரஷர் கட்டுக்குள் இருக்க, உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமை, அதாவது ஒரு டீஸ்பூனைத் தாண்டக் கூடாது. ஊறுகாய், வடகம், அப்பளம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். அப்பளத்துக்குப் பேர்போன ஊரில் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் தினமும் வேண்டாம்.

கிளிமிபிரைடு இன்னொரு கவலை. சஷ்டி, ஏகாதசி என்று பட்டினி இருந்துகொண்டு அந்த மாத்திரையை மட்டும் போட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும். விடியற்காலையில் வேர்வை, படபடப்பு, உளறல் இருந்தால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். அடிக்கடி இறங்கினால் மூளை பாதிக்கப்படும். இந்த வயதில் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 7 முதல் 7.5 வரை இருந்தால் நல்லது. உடல் தளர்ந்தவருக்கு 8 வரைகூடப் போதும். 6-ஐப் பிடிக்க வேண்டும் என்று துரத்தக் கூடாது.

அடுத்தது பி12. நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான். மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும். சைவச் சாப்பாட்டில் அது கிடைப்பதே பால், தயிர், மோரில்தான். ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறை வெளியே தெரியச் சில வருஷம் ஆகும். பாதம் மரத்துப்போவது, செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது, நாக்கு வழவழவென்று சிவப்பது, இவற்றோடு மறதியும் வரும். ரத்தத்தில் பி12 அளவு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு உறுதி. 200-க்கும் 300-க்கும் இடையில் இருந்தாலும், அறிகுறி இருப்பவருக்கு வைத்தியம் பார்ப்பது நல்லது. 1000 மைக்ரோகிராம் ஊசி முதலில் அடுத்தடுத்தும், பிறகு மாதம் ஒன்றும் போடுவார்கள். ரத்தசோகை என்று ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுப்பது தவறு: ரத்தம் ஏறும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். பழைய சோறு குடலுக்கு நல்லது, இந்தக் குறையைத் தீர்க்க அதை நம்ப முடியாது. இதோடு தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சோடியம், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள்.

கல்யாண வீட்டில் மூலையில் உட்காருகிறார் என்றீர்களே, அதைப் படித்ததும் காதைத்தான் நினைத்தேன். நாதஸ்வரமும் தவிலும் முழங்க, பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினால், காது மந்தமானவருக்குச் சொற்கள் பிரிந்து கேட்காது. தப்பாகப் பதில் சொல்லி எல்லோரும் சிரிப்பதைவிடப் பேசாமல் இருப்பதே மேல் என்று ஒதுங்கிவிடுவார். ‘சொன்னதை மறந்துட்டா’ என்று நாம் சொல்வதில் பாதி, அவர் காதில் விழவே இல்லாத பேச்சு. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல், தவிர்க்கவோ குறைக்கவோ கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டது. அதில் முன்வரிசையில் நிற்பது காது கேளாமையும் கெட்ட கொழுப்பும்.

வீட்டிலேயே பாருங்கள். ஒரு கை தூரத்தில் பின்னால் நின்று, ஒரு காதை மூடச் சொல்லி, மூன்று எண்களைக் கிசுகிசுங்கள். திருப்பிச் சொல்லாவிட்டால் காது டாக்டரிடம் போக வேண்டும். வெறும் குரும்பி அடைப்பாகவும் இருக்கலாம். கொண்டை ஊசியும் காய்ச்சிய எண்ணெயும் வேண்டாம். காதுக் கருவி தேவைப்பட்டால், முதல் வாரம் வீட்டில் அமைதியான அறையில் ஒரு மணி நேரம், பிறகு கூட்டிக்கொண்டே போங்கள். பாத்திரச் சத்தம் இடிபோலக் கேட்கிறது என்று முதல் மாதத்திலேயே பெட்டியில் போட்டுவிடுபவர்கள் பலர். கருவியின் அளவை மாற்றித் தருவார்கள், திரும்பக் கொண்டுபோங்கள். கண்புரையும் பார்த்துவிடுங்கள்.

பிரஷர் 130/80-ஐ ஒட்டி இருக்கட்டும். ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகும், எழுந்து நின்றதும் அளந்து பாருங்கள். நிற்கும்போது மேல் அளவு 20 குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், விழுந்துவிடுவார். வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் நடக்கட்டும். பாசி பிடித்த ஆற்றுப் படித்துறைப் பக்கம் வேண்டாம்.

இத்தனையும் சரியாகி மூன்று மாதம் போன பிறகும் மறதி கூடினால், நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கே போகலாம். சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது வயது. ஆனால் ஆயுசு முழுக்கச் சொதி வைத்தவர், முதல் தேங்காய்ப்பாலை எப்போது விடுவது என்று தடுமாறி, அதைக் காய்களோடு கொதிக்கவிட்டுத் திரியவைத்தால், செய்முறையின் வரிசையே மூளையில் கலைகிறது என்று பொருள். தெரிந்த தெருவில் வழி தவறுவதும் அப்படியே. இவை தென்பட்டால் மூன்று மாதம் பொறுக்க வேண்டாம்.

இரண்டு சமயத்தில் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று உளறினால் சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம், சர்க்கரை இவற்றில் ஒன்றாக இருக்கலாம். வாய் கோணி, ஒரு கை தொங்கினால் பக்கவாதம்: 108-ஐ அழையுங்கள், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. போன ஒன்றிரண்டு மாதத்தில் குளியலறையில் வழுக்கித் தலையில் லேசாக இடித்திருந்தால், அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் வாரங்கள் கழித்து மறதியாகவும் தூக்கமாகவும் வெளிப்படும். சிடி ஸ்கேனில் அது தெரிந்துவிடும். அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் சரியாகிவிடும்.